உள்ளங்காலின் கறுப்புப் புள்ளி: இரத்தம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

2025 ஏப்ரலில் ஒரு நாள் இரவு, கனடாவில் இருக்கும் மச்சானிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலச் செய்தித்தளம் ஒன்றின் இணைப்பு. அதன் கீழே ஒரு வரி: "மச்சான், அம்மாவுக்கு இந்தச் சோதனையை எடுக்கேலுமா? காசு நான் அனுப்புறன்." மெலனோமா என்ற தோல் புற்றுநோய் திரும்பி வரக்கூடியவர்களை இரத்தப் பரிசோதனை ஒன்றின் மூலம் முன்கூட்டியே அடையாளம் காணலாம் என்று நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'லான்செட் ஒன்கொலஜி' சஞ்சிகையில் வெளியிட்டிருந்தார்கள். அதுதான் செய்தி. அவனுடைய அம்மா எனக்கு மாமி. வயது 67. அவருக்கு அதே நோய்.

அன்றிரவு நான் பதில் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து எழுதியதும் இரண்டு வரிதான். அந்த இரண்டு வரிக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. ஆரையம்பதியில் பல வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஆனால் இந்த ஒன்றரை வருடத்தில் மாமியின் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாங்கில்களில் காத்திருந்த நேரத்தில், எங்கள் சனம் இரத்தப் பரிசோதனை என்பதை எப்படி விளங்கி வைத்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டேன். அதுதான் இதை எழுத வைக்கிறது.

மாமி பிறந்தது படுவான்கரையில். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடியவர். வயல் வரம்பில் எதையோ மிதித்து வலது குதிக்காலில் காயம். என்ன குத்தியது என்று அப்போது பார்க்க நேரமில்லை. காயம் ஆறியது. ஆனால் அந்த இடத்தில் 'துண்டு' ஒன்று உள்ளே கிடக்கிறது என்ற எண்ணம் மட்டும் ஆறவில்லை. எனவே மூன்று வருடத்துக்கு முன் அதே குதிக்காலில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தபோது, வீட்டில் எவரும் பதறவில்லை. பழைய துண்டு வெளியே வரப்பார்க்கிறது என்றார்கள். பிறகு கால் ஆணி என்று சொல்லி மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார்கள். புள்ளி ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பரவி, ஓரம் ஒழுங்கில்லாமல், நடுவில் கசியத் தொடங்கியது.

அப்போதுதான் மச்சான் காசு அனுப்பினான். மாமி ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போய், 'முழு உடம்புச் சோதனை' என்று விளம்பரப்படுத்தியிருந்த ஒரு தொகுப்பை எடுத்தார். சீனி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், கூடவே 'கான்சர் மாக்கர்' என்று இரண்டு மூன்று. எல்லாம் சாதாரண அளவில் வந்தன. ரிப்போட்டைக் கையில் கொடுத்தவர், "பயப்பட ஒன்றுமில்லை, கான்சர் இல்லை" என்று சொல்லியனுப்பினார். அவர் காலைப் பார்க்கவில்லை. பார்ப்பது அவருடைய வேலையும் இல்லை. மாமி வீட்டுக்கு வந்து, "இரத்தத்தில ஒண்டுமில்லையாம் மனே" என்று சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நானும் நம்பினேன். விஞ்ஞானம் படிப்பித்தவன் நம்பினேன். அந்தக் கடதாசி எங்களுக்கு எட்டு மாதத்தை இழக்கச் செய்தது.

ஏன் இழக்கச் செய்தது என்பதை விளங்கிக்கொள்ள, இந்த நோய் எங்கள் தோலில் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெலனோமா என்றதும் உலகச் செய்திகளில் வெள்ளைத் தோலும் வெயிலும் அவுஸ்திரேலியக் கடற்கரையும் வரும். கறுத்த, மாநிறத் தோலில் மெலனோமா அரிது. வரும்போது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. இந்த வகை எல்லா இன மக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, வருடத்துக்குப் பத்து இலட்சம் பேரில் 1.8 பேர் என்று கணக்கிட்டது. அவ்வளவு அரிது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மெலனோமா நோயாளரை மொத்தமாக எடுத்தால் ஐந்து வருடத்தில் இந்நோயால் இறக்காமல் இருந்தவர்கள் 91 வீதம். கை கால் வகையில் 80 வீதம். இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கிய காரணம், கண்டுபிடிக்கும்போதே கட்டி தடித்துவிட்டிருப்பது. உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்?

பொப் மார்லியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கால் பெருவிரல் நகத்தின் அடியில் வந்த புண்ணை கால்பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே அவர் நினைத்திருந்தார். 1977இல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை அகற்றச் சம்மதிக்கவில்லை. 1981 மே 11ஆம் திகதி, 36 வயதில் இறந்தார். அவருக்குக் கால்பந்து, எங்களுக்குச் செல்துண்டு. முப்பது வருடப் போரில் அடிபட்ட ஒரு சமூகத்தில் உடம்பில் எந்தத் தழும்புக்கும் எந்தக் கறுப்புக்கும் ஒரு கதை ஆயத்தமாக இருக்கிறது. அந்தக் கதை பெரும்பாலும் உண்மையாகவும் இருப்பதுதான் சிக்கல்.

மாமியின் விடயத்தில் உண்மையைக் கண்டுபிடித்தது ஓர் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர். சீனி வருத்தத்துக்காகப் போன இடத்தில், "அம்மா, காலைத் தூக்குங்க" என்றார். அரை நிமிடம் பார்த்தார். தொடையிடுக்கைத் தடவினார். நெறி கட்டியிருந்தது. பயொப்சி எடுத்தார்கள். பத்தாலஜி ரிப்போட்டில் மெலனோமா என்றும், தடிப்பு இத்தனை மில்லிமீற்றர் என்றும் வந்தது. அந்த மில்லிமீற்றர் கணக்கை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க வைத்தியர் முன்வைத்தார். கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே அது. 1, 2, 4 மில்லிமீற்றர் என்பன அதன் படிகள். இன்றைக்கும் ஆரம்பக் கட்ட மெலனோமாவில் எதிர்காலத்தைச் சொல்லும் அளவுகளில் இதுதான் முதன்மையானது. அதற்கு இரத்தம் தேவையில்லை. ஒரு கத்தியும், ஒரு நுணுக்குக்காட்டியும், அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் தேவை.

இதற்குப் பிறகுதான் இரத்தம் வருகிறது. வைத்தியர் எழுதிய சோதனையின் பெயர் எல்.டி.எச். இது கலங்களுக்குள் சக்தி உற்பத்தியில் பங்கெடுக்கும் ஒரு நொதியம். எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. கலம் உடைந்தால் இரத்தத்துக்குள் கசியும். பெரிய கட்டி வேகமாக வளர்ந்து தன் கலங்களைத் தானே சாகவிடும்போது இதன் அளவு ஏறும். உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் வகைப்பாட்டில், உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட நான்காம் கட்ட மெலனோமாவுக்கு மட்டும் இந்த அளவு அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில், பரவிய இடத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் பூச்சியம் என்றால் எல்.டி.எச் சாதாரணம், ஒன்று என்றால் அதிகம்.

அந்தப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், 2019இல் 'நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசின்' வெளியிட்ட ஆய்வு ஒன்று சொல்கிறது. பரவிய மெலனோமா உள்ள 563 பேர் இரண்டு மாத்திரைகள் சேர்ந்த சிகிச்சையைப் பெற்றார்கள். ஐந்து வருடம் கழித்து, தொடக்கத்தில் எல்.டி.எச் சாதாரணமாக இருந்தவர்களில் 43 வீதமானோர் உயிரோடிருந்தார்கள். அதிகமாக இருந்தவர்களில் 16 வீதம். எங்கள் ஊர் ஆய்வுகூடங்களிலும் செய்யக்கூடிய ஒரு மலிவான சோதனை இவ்வளவைச் சொல்கிறது என்பது சின்ன விடயமல்ல.

ஆனால் எல்.டி.எச் ஒரு பொல்லாத சாட்சி. ஈரல் வருத்தம், மாரடைப்பு, தசைக் காயம், டெங்கு எல்லாவற்றிலும் ஏறும். ஊசி ஏற்றும்போது இரத்தம் அடிபட்டாலோ, குழாய் சூட்டில் கிடந்து குலுங்கினாலோ செங்குழியங்கள் உடைந்து உள்ளிருப்பது வெளியே கசிந்துவிடும். அப்போதும் ஏறும். மாமியின் முதல் ரிப்போட் அப்படித்தான் வந்தது, சாதாரண அளவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நான் வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக்கூடாது. மூன்று இரவு தூக்கமில்லை. மச்சானுக்குச் சொல்வதா விடுவதா என்று ஒரே யோசனை. நான்காம் நாள் வைத்தியர் ரிப்போட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். மாதிரி சிதைந்திருந்தது என்று எழுதியிருந்தார்கள். திரும்ப எடுத்தபோது சாதாரணமாக இருந்தது. பெரிய எழுத்தில் இலக்கத்தையும் சின்ன எழுத்தில் அதன் நம்பகத்தையும் அச்சிடும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியாது.

இன்னொன்றையும் அந்த வைத்தியர் பொறுமையாக விளக்கினார். சி.ரி. ஸ்கேனில் வேறு உறுப்புகளில் ஒன்றும் தெரியவில்லை. எனவே மாமி மூன்றாம் கட்டம். இந்தக் கட்டத்தில் எல்.டி.எச் சாதாரணமாக இருப்பது நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கக் குறிப்பு, அவ்வளவுதான். சாதாரண எல்.டி.எச் 'புற்றுநோய் இல்லை' என்று ஒருபோதும் சொல்லாது. குதிக்காலில் கட்டி இருந்த எட்டு மாதமும் மாமியின் இரத்தம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருந்திருக்கும். தனியார் ஆய்வுகூடத்தின் தொகுப்பில் பிழையான எண் எதுவும் இருக்கவில்லை. கேள்விதான் பிழை.

இனி மச்சான் அனுப்பிய செய்திக்கு வருகிறேன். அது பொய்ச் செய்தி அல்ல. சாகும் கட்டிக் கலங்கள் தம் டி.என்.ஏ துண்டுகளை இரத்தத்தில் விடுகின்றன. அதைத் தேடிப் பிடிப்பதே அந்தச் சோதனை. ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த, ஏறத்தாழ 600 மூன்றாம் கட்ட நோயாளரின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின், மருந்து தொடங்குமுன் எடுத்த இரத்தத்தில் அந்தத் துண்டுகள் இருந்தவர்களில் 80 வீதமானோருக்கு நோய் திரும்பியது. இல்லாதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகத் திரும்பியது. அதேவேளை, துண்டு தென்படாதவர்கள் பலருக்கும் நோய் திரும்பியது. அதாவது, 'இருக்கிறது' என்று சோதனை சொன்னால் நம்பலாம். 'இல்லை' என்று சொன்னால் நிம்மதியடைய முடியாது. இந்தப் பாதிதான் வட்ஸ்அப்பில் வரும்போது கழன்று விழுகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று செய்தியின் கடைசிப் பந்திகளில் இருந்தது. அந்த 600 பேரும் 'பி-ராஃப்' என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்கள். சோதனையும் அந்த மாற்றத்தைத்தான் தேடுகிறது. வெள்ளைத் தோலில் வரும் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை வகையில் ஐந்தில் ஒருவரிடம்கூட இருப்பது அரிது. மாமியின் கட்டியில் அது இல்லையென்றால், அந்தச் சோதனை அவரின் இரத்தத்தில் தேட எதுவுமே இருக்காது. ஆயிரக்கணக்கான டொலர் கட்டி இரத்தத்தை விமானத்தில் அனுப்பினாலும் 'இல்லை' என்றுதான் வரும். அந்த 'இல்லை'யை நாங்கள் மறுபடியும் ஒரு சந்தோசச் செய்தியாக வாசித்திருப்போம். யாருடைய உடம்பை வைத்து ஒரு சோதனை கட்டப்பட்டதோ, அவர்களுக்குத்தான் அது முதலில் பேசும். ஒவ்வொருவரின் கட்டியிலும் உள்ள மாற்றங்களைப் பார்த்து அவரவருக்கென்று வடிவமைக்கும் சோதனைகளும் வந்துவிட்டன. ஆனால் அவை இன்னும் பணக்கார நாடுகளின் விடயம்.

இரத்தப் பரிசோதனை சரியாக வேலை செய்யும் ஓர் அரிய தோல் புற்றுநோயும் இருக்கிறது. மேர்க்கல் கலப் புற்றுநோய். பெரும்பாலும் வயோதிப வெள்ளையர்களுக்கு வருவது. இதில் ஐந்தில் நான்கு ஒரு வைரஸால் வருகிறது என்பதை 2008இல் பிட்ஸ்பேர்க் நகரில் யுவான் சாங், பற்றிக் மூர் தம்பதியின் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. அந்த வைரஸின் புரதத்துக்கு எதிராக உடம்பு உருவாக்கும் பிறபொருளெதிரிகளை அளந்து நோயாளரைப் பின்தொடர்கிறார்கள். 219 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், அளவு ஏறாமல் இருந்தால் நோய் திரும்பவில்லை என்பது 97 வீதம் சரியாக இருந்தது. அங்கே அந்த இலக்கம் ஒரு வேலையைச் செய்கிறது. ஏறினால் உடனே ஸ்கேன், ஏறாவிட்டால் ஸ்கேனைத் தள்ளிப்போடலாம். ஒரு முன்கணிப்பால் பயன் உண்டா என்பதை அளக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை: அந்த இலக்கம் வந்த பிறகு நாளைக்கு என்ன மாறும்?

அந்தக் கேள்வியை இங்கே வைத்துப் பார்த்தேன். மூன்றாம் கட்ட மெலனோமாவுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு வருடம் நோயெதிர்ப்பு மருந்து கொடுப்பது வசதியான நாடுகளில் வழக்கம். கை கால் வகையில் அதன் பலன் மற்றதைவிடக் குறைவு என்றாலும் கொடுக்கிறார்கள். மாமிக்கும் அந்தப் பேச்சு வந்தது. விலையைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் வெளியில் வந்து தேத்தண்ணி குடித்தோம். 2022இல் இந்த நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது சாதாரண மருந்துகளுக்கே வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அதன் பின் எவ்வளவோ சீராகியிருக்கிறது. ஆனாலும் மருந்து கைக்கு எட்டாத இடத்தில், நோய் திரும்பும் என்று ஆறு மாதம் முந்தித் தெரிவது ஆறு மாதம் கூடுதலாகப் பயப்படுவதாகவே முடியலாம். சிலருக்கு அந்த ஆறு மாதமும் வேண்டும். காணி எழுத, பிள்ளையைக் கலியாணம் முடித்துக் கொடுக்க. அதை நான் மறுக்கவில்லை. கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாமியிடம் கேட்டேன். "இரத்தத்தில நாள் எழுதிக் கிடக்கா மனே?" என்று திருப்பிக் கேட்டார். இல்லை, நூறு பேரில் இத்தனை பேர் என்றுதான் சொல்லும், உங்களைப் பற்றித் தனியாகச் சொல்லாது என்றேன். "மறுகா எனக்கென்னத்துக்கு அது?" என்றார். அவருக்கு வேண்டியது வேறு. பேத்தி அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். அதுவரை காலூன்றி நின்று அவளுக்குச் சமைத்துப் போடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. வைத்தியரிடம் இதை அப்படியே கேட்கச் சொன்னேன். கேட்டார். "அதுக்குத்தான் அம்மா நாங்க எல்லாரும் பாக்கிறம்" என்றார் வைத்தியர். அந்த ஒரு வசனத்தோடு மாமி மூன்று மாதம் ஓட்டினார்.

ஆகவே காசும் கவனமும் எங்கே போகவேண்டும் என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இயங்குவது பெரிய ஆறுதல். ஒரு காலத்தில் எல்லாரும் மகரகமவுக்கு, முந்நூறு கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போகவேண்டியிருந்தது. படுவான்கரைச் சனத்துக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ஆற்றைக் கடக்கவே 'பாதை'யில் ஏறிக் காத்திருக்க வேண்டும். இன்று பாலம் இருக்கிறது. ஆனால் வயலிலும் வாவியிலும் வெறுங்காலோடு நிற்பவர் குதிக்காலில் ஒரு கறுப்பைக் கண்டு, நாட்கூலியை விட்டுவிட்டு நகரத்துக்கு வருவாரா? வரமாட்டார். ஆனால் அதே ஆள் மாதா மாதம் சீனிக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கக் கிராமத்துக் கிளினிக்குக்கு வருகிறார். சீனி வருத்தக்காரரின் காலைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள நடைமுறை. புண் இருக்கிறதா என்று பார்க்கும் அதே அரை நிமிடத்தில், புதிய கறுப்பு இருக்கிறதா, பழைய மச்சம் அகன்றிருக்கிறதா, நகத்தில் விழுந்த கறுப்புக் கோடு நகத்தைத் தாண்டித் தோலுக்குள் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சொல்லிக் கொடுக்க ஒரு பின்னேரம் போதும்.

போர்க்காயம் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எரிகாயத் தழும்பிலும் ஆறாத பழைய புண்ணிலும் பல பத்தாண்டுகளுக்குப் பின் வேறொரு வகைத் தோல் புற்றுநோய் வரலாம். பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்ஜொலின் 1828இல் இத்தகைய புண்களை விபரித்ததால் அவர் பெயரால் அழைக்கிறார்கள். தழும்புக்கும் புற்றுக்கும் இடையில் சராசரியாக முப்பது வருட இடைவெளி. 1990இல் பட்ட காயங்களுக்கு இப்போது 35 வயது. எல்லாத் தழும்பும் அப்படி மாறாது, மாறுவது மிகக் கொஞ்சம். ஆனால் பழைய தழும்பு திரும்ப உடைந்து, ஓரம் தடித்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அதைக் காட்ட வேண்டும். அதைச் சொல்லித்தரும் இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. துண்டு எடுத்துப் பார்ப்பது மட்டுமே வழி.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் உறவுகளுக்கு ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். அம்மா அப்பாவின் 'முழு உடம்புச் சோதனை'க்குக் காசு அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை, சீனியும் கொழுப்பும் பார்ப்பது நல்லதுதான். அடுத்த முறை வீடியோவில் கதைக்கும்போது, ஒரு தடவை உள்ளங்காலைக் கமெராவுக்குக் காட்டச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். காட்டுவார்கள்.

மச்சானுக்கு நான் எழுதிய இரண்டு வரி இதுதான்: "அந்தச் சோதனை மாமியின்ர வகைக்குப் பெரும்பாலும் சரிவராது மச்சான். காசை வை, மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேனுக்கும் பயணத்துக்கும் தேவைப்படும்." கட்டியின் மரபணுவைப் பார்க்க முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டிருக்கிறோம். அடுத்த கிளினிக் புதன்கிழமை. காலை ஆறரைக்கே போனால்தான் இலக்கம் கிடைக்கும். மாமி இப்போது ஒவ்வொரு நாளும் குளித்து முடித்ததும் பேத்தியைக் கூப்பிட்டு இரண்டு காலையும் காட்டுகிறார். போன கிழமை பேத்தியின் காலையும் திருப்பிப் பார்த்தாராம்.